சிஸ்டர் சொன்னாக்கூடவா?

"இந்த ஒரு தடவை விட்டுக்கொடுக்கலாமே டீச்சர்" என்றார் சிஸ்டர்.

தலைமை ஆசிரியைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த கட்டட கான்ட்ராக்டர், காரியம் முடிந்த மாதிரி செல்போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பள்ளியின் புது ஆய்வுக்கூடம் அவர் கட்டிக்கொடுத்தது.

விஷயம் இதுதான். முந்தின நாள் காலைப் பிரார்த்தனையில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பைபிள் வாசகம் படித்தாள். அவளுக்குப் பேச்சு திக்கும். இருந்தும் தானே கேட்டு வாங்கிய வாய்ப்பு அது. பாதியில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டபோது, ஒன்பதாம் வகுப்பு வரிசையிலிருந்து கான்ட்ராக்டரின் மகள் அதே மாதிரி திக்கிக் காட்டினாள். கூடமே சிரித்தது. சின்னவள் மீதியைப் படிக்காமல் இறங்கிப் போய்விட்டாள். இன்று பள்ளிக்கே வரவில்லை.

தலைமை ஆசிரியை உடனே முடிவைச் சொல்லிவிட்டார். அதே மேடையில், எல்லார் முன்னாலும் பெரியவள் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அதற்குத்தான் தகப்பன் வந்திருக்கிறார். வந்தவர் நேராக இந்த அறைக்கு வரவில்லை. கான்வென்ட்டுக்குப் போய், பள்ளியின் தாளாளரான சிஸ்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இத்தனை காலமும் கன்னியாஸ்திரிகளே உட்கார்ந்த நாற்காலி இது. இந்த வருடம்தான் முதல்முறையாக, குடும்பம் குட்டி என்று இருக்கிற கணக்கு டீச்சரை உட்கார வைத்திருக்கிறார்கள். "பேருக்குத்தான் இவங்க, பிடி கான்வென்ட்டுல" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வது தலைமை ஆசிரியையின் காதிலும் விழுந்திருக்கிறது. லீவு கேட்கிறவர்கள்கூட முதலில் சிஸ்டரிடம் தலையைக் காட்டிவிட்டுத்தான் இங்கே வருவார்கள். இத்தனைக்கும் சிஸ்டர் வயதில் இவரைவிடச் சின்னவர்.

"வளர்ற பொண்ணு சிஸ்டர். அத்தனை பேர் முன்னாடி தலைகுனிஞ்சு நின்னா தாங்குவாளா?" கான்ட்ராக்டர் தலைமை ஆசிரியையின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இந்த ரூமுக்குள்ளயே மன்னிப்புக் கேக்கட்டுமே டீச்சர்" என்றார் சிஸ்டர். "அதோட முடிச்சுக்கலாம்."

கதவுக்கு வெளியே இரண்டு ஆசிரியைகள் கையெழுத்துக்காக நின்றிருந்தார்கள். அவர்கள் காது மட்டும் உள்ளே இருந்தது.

தலைமை ஆசிரியை யோசித்தார். தலையை ஆட்டிவிட்டால் நிம்மதி. சிஸ்டரே சொன்னபிறகு யார் குறை சொல்லப் போகிறார்கள்? ஆனால் மேடையை விட்டு இறங்கிப்போன அந்தச் சின்னவளின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

"முடியாது சிஸ்டர்" என்றார்.



"சிரிச்சது எல்லாரும். ரூமுக்குள்ள கேக்கற மன்னிப்பு அவங்க யார் காதிலயும் விழாது. அந்தக் குழந்தை மறுபடி மைக் முன்னாடி வரணும்னா, இதுவும் மைக் முன்னாடிதான் நடக்கணும்."

"கட்டடம் கட்டறப்ப மட்டும் நான் வேணும், இல்லையா?" என்றார் கான்ட்ராக்டர்.

"அதுக்கு என்னைக்கும் நன்றி உண்டு சார். இது வேற."

கான்ட்ராக்டர் சிஸ்டரைப் பார்த்தார். "நீங்களே கண்டிப்பா ஒரு வார்த்தை சொல்லுங்க சிஸ்டர்."

"சொல்லிப் பாத்துட்டேனே. முடியாதுங்கறாங்க."

"நீங்க சொன்னாக்கூடவா?"

"நான் சொன்னாக்கூடத்தான். ஸ்கூல் அவங்க பொறுப்பு" என்று கையை விரித்தார் சிஸ்டர்.

 கான்ட்ராக்டர் மெதுவாகக் காலைக் கீழே இறக்கினார். வந்ததிலிருந்து முதல்முறையாகத் தலைமை ஆசிரியையின் முகத்தைப் பார்த்தார்.

"எப்ப வரணும் மேடம்?"

"நீங்க வர வேண்டாம் சார். நாளைக்குக் காலையில அவளை அனுப்புங்க. அவ பேசி முடிக்கிற வரைக்கும் நான் பக்கத்துல நிக்கறேன்."

அன்று சாயங்காலம் தலைமை ஆசிரியை சின்னவளின் வீட்டுக்கே போய்ப் பேசிவிட்டு வந்தார்.

மறுநாள் பெரியவள் மேடையேறினாள். குரல் நடுங்கியது. ஆனால் முழுசாக மன்னிப்புக் கேட்டாள். அடுத்து சின்னவள் ஏறி, விட்ட இடத்திலிருந்து வாசகத்தைத் தொடர்ந்தாள். நடுவில் இரண்டு இடத்தில் திக்கியது. கூடம் மூச்சு விடாமல் காத்திருந்தது. படித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

பிரார்த்தனை முடிந்து சிஸ்டர் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தார். தலைமை ஆசிரியை வேகமாகப் போய்ச் சேர்ந்துகொண்டார்.

"சிஸ்டர், நேத்து நாலு பேர் காதுல விழற மாதிரி உங்களை எதிர்த்துப் பேசிட்டேன். வருத்தம் இருந்தா சொல்லிடுங்க. ஆனா நான் சொன்னதுல மாத்தறதுக்கு ஒண்ணும் இல்ல."

"வருத்தமா? அவர் கான்வென்ட்டுக்கு வந்து கேட்டப்பவே 'முடியாது'ன்னு சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு டீச்சர்."

தலைமை ஆசிரியை நின்றுவிட்டார். "அப்புறம் ஏன் அவருக்காகப் பேசினீங்க?"

"நான் முடியாதுன்னா, 'சிஸ்டர் சொல்லிட்டாங்க'ன்னு போயிருப்பார். அடுத்த தடவையும் கான்வென்ட் கதவைத்தான் தட்டுவார். அவர் மட்டுமா, எல்லாரும்தான்."

"நான் சரின்னு தலையாட்டியிருந்தா?"

"அந்தப் பயம் இருந்துச்சு. மனசுக்குள்ள ஜெபமாலை சொல்லிக்கிட்டேதான் கேட்டேன்."

சிஸ்டர் சிரித்தார்.

"என்னையே நீங்க மறுத்தது இப்ப ஊருக்கே தெரிஞ்சாச்சு. இனிமே என்கிட்ட யார் வரப்போறாங்க?"