ஒரு கரண்டி திராட்சை

மாஸ்டர் ஜாடியைத் திறந்ததும் ரம் வாசனை குப்பென்று அடித்தது.

கேக்குக்காக மூன்று வாரமாக ஊறிய உலர்திராட்சை. என் நேரம், பேக்கரியில் நான் சேர்ந்த முதல் நாளே அதைப் பதம் பார்க்கும் நாளாக அமைந்துவிட்டது.

ஒரு கரண்டி அள்ளி என்னிடம் நீட்டினார். "ஊறினது போதுமான்னு பாரு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் குடியை விட்டு நாற்பத்து மூன்று நாள். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே மூன்று வேலை குடியால் போயிருந்தது. கரண்டியை வாயில் வைத்தால் நாற்பத்து மூன்று நாளும் போச்சு. உண்மையைச் சொன்னால் நாலாவது வேலையும் போச்சு.

வயிறு சரியில்லை என்று புளுகலாம். புளுகுவதில் எனக்குப் பல வருஷப் பயிற்சி.

அதற்காகத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"வேண்டாம் மாஸ்டர். நான் குடிகாரன். இப்பத்தான் விட்டிருக்கேன்."

யாரோ மாவு பிசையும் மெஷினை நிறுத்தினார்கள். சமையல்கட்டே என்னைப் பார்த்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

மாஸ்டர் சட்டென்று கரண்டியைக் கீழே வைத்தார். முகம் வாடிவிட்டது. நீட்டுவதற்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும், தப்பு தன்னுடையதுதான் என்றார்.

அடுப்படியில் நின்றவர் எத்தனை நாள் என்று விசாரித்தார். சொன்னேன். தனக்குப் பதினோரு வருஷம் என்றார், மழை வருமா என்று கேட்கிற குரலில். க்ரீம் போடும் அக்காவுக்கு இரண்டு வருஷம். தட்டு கழுவுகிறவருக்கு ஏழு மாதம்; அவர் மட்டும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

மாஸ்டருக்குப் பத்தொன்பது வருஷம்.

என் கண் கலங்கிவிட்டது. மாவுத் தூசி என்று சொல்லத் தோன்றவில்லை. இவர்கள் இருக்கும் இடத்துக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்த எல்லாவற்றுக்கும் மனசுக்குள் நன்றி சொன்னேன், போன மூன்று வேலைகளுக்கும் சேர்த்து.

மாஸ்டர் கடைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்து, கரண்டியில் இருந்ததை வாயில் போட்டு, மென்றுகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புது ஆள் வந்தாச்சு, இனிமே இந்த வேலை எனக்கில்லைன்னு நெனச்சேன். இவரும் உங்க ஆளுதானா?"