சிலம்பனின் பதில்

தேயிலைக்கு நடுவே மிஞ்சியிருந்த சோலையில் ஜெசிந்தா கால் மாற்றி நின்றபடி ஸ்பீக்கரை மறுபடி அழுத்தினாள். காடு பெரிதாக இருந்தபோது அவளே பதிவு செய்த, இப்போது அருகிவரும் சிலம்பன் குருவியின் கூவல். முடிவில் அவளுடைய இருமலும் பதிவாகியிருந்தது. வாரக்கணக்காக ஒலிக்கவிட்டும் எந்தக் குருவியும் பதில் தரவில்லை.

இன்று உச்சிக்கிளையிலிருந்து பதில் வந்தது.

"இருக்குடி!" உடன் ஆய்வு செய்யும் முகிலன் துள்ளினான். "இனி இந்தச் சோலையை வெட்ட விடமாட்டாங்க. இரு, ஆபீசுக்குச் சொல்லிடறேன்."

அவள் பைனாகுலரைத் தூக்கினாள். கிளையில் இருந்தது கரிச்சான், கேட்ட குரலையெல்லாம் திருப்பிச் சொல்லும் பறவை. அது மீண்டும் சிலம்பனாகக் கூவியது. பிறகு இருமியது.

"உனக்குச் சளி புடிச்சிருக்கா?" முகிலன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான்.

"ஆமா," என்றாள்.