ஒரிஜினல் இங்கிலீசு

"யோவ், எனக்கு இங்கிலீசு வராதுன்னு எவன் சொன்னது? நீ பேசாம வா!"

பட்டாபிராமில் ரயில் ஏறியதிலிருந்து அங்கம்மா இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் போட்ட சத்தத்தில் எதிர் சீட்டுக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். புருஷன் தேவராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அம்பத்தூரில் அவன் வேலை பார்த்த பட்டறையை இழுத்து மூடியதிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. அந்த நேரத்தில்தான் ஆவடியில் வெளிநாட்டு இன்ஜினீயர்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் வாட்ச்மேன் துலுக்கானம் சொல்லி அனுப்பியிருந்தார். 'ஒரு வெள்ளைக்காரம்மா ஊட்ல கொழந்தையைப் பார்த்துக்க ஆளு வேணும். ஆனா அவங்க பாஷை பேசணும். வர்ற பொம்பளைங்க எல்லாம் முழிச்சிட்டு ஓடிப்போறாங்க.'

"வெள்ளைக்காரங்க பாஷைதானே? அது நம்ம கைல கீது!" என்று அங்கம்மா அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டதாக முடிவு கட்டிவிட்டாள்.

அவளுடைய இங்கிலீஷ் வாத்தியார் ஒரு கரடி. அவள் தம்பி மதுரைவீரன் வீடியோ டெக் வாடகைக்கு விடுகிறவன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் டெக்கைத் திருப்பிக் கொடுத்தபோது உள்ளே ஒரு கேசட்டை மறந்துவிட்டு ஊருக்கே போய்விட்டார். அதில் ஒரு பொம்மைப் படம். ரொட்டி சுடும் கோழியம்மா வீட்டுக் கதவைத் தட்டித் தட்டி, ஒரு குண்டுக் கரடி பூரிக்கட்டையால் அடி வாங்கும். மத்தியானத்தில் டெக் சும்மா கிடக்கும்போதெல்லாம் அங்கம்மா அதைப் போட்டுப் பார்த்து, கூடவே கத்திக் கத்தி, மொத்தத்தையும் மனப்பாடம் செய்துவிட்டாள்.

"பொம்மைப் படம் பார்த்துக் கத்துக்கினேன்னு அங்கே சொல்லிக்கினு நிக்காதேமே. சிரிப்பாங்க" என்றான் தேவராஜ்.

"இன்னா சிரிப்பு? கரடி அடுப்புல கையை வெச்சிட்டு கத்துது. அப்போ அது 'சுடுது'ன்னு அர்த்தம். சொம்பைக் காட்டிக் கேக்குது. அது 'பாலு'. கோழி கதவைச் சாத்திக்கினே திட்டுது. அது 'போடா வெளியே'. இதுக்கு மேல இன்னாய்யா படிப்பு?"

"எங்கே, ஒண்ணு எடுத்து வுடு, கேப்போம்."

"உன்கிட்ட சொல்லி இன்னா புரியப்போவுது? உன் இங்கிலீசு ஓவர்டைமோட முடிஞ்சுபோச்சு."

தேவராஜுக்குச் சுருக்கென்றது. "போன மாசம் ஒரு கான்வென்ட்டுக்கு ஆயா வேலை கேட்டுப் போய் பேசினியே, அந்த மிஸ்ஸு இன்னா சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லலை. வாயைப் பொளந்துகினு பார்த்துச்சு. பாவம், அதுக்குத் தெரிஞ்சது பொஸ்தக இங்கிலீசு. நம்மளுது வெள்ளைக்காரன் ஊட்டு ஒரிஜினல்!"

இந்த வேலையும் போனால் அடுத்த வாரம் என்ன செய்வது என்று தேவராஜ் சட்டைப் பையிலிருந்த சில்லறையை எண்ணிப் பார்த்தான்.

குவார்ட்டர்ஸ் வாசலில் துலுக்கானம் காத்திருந்தார். இருவரையும் அழைத்துப் போய் ஒரு வீட்டின் மணியை அடித்தார். சிவந்த முகத்தோடு, வியர்க்க விறுவிறுக்க ஒரு வெள்ளைக்காரம்மா வந்தார். அங்கம்மாவை மேலும் கீழும் பார்த்து, படபடவென்று ஏதோ கேட்டார்.

அங்கம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். வயிற்றைத் தடவிக்கொண்டே, கட்டைக் குரலில், கரடி கதவைத் தட்டியதும் பேசும் வசனத்தை அப்படியே எடுத்து விட்டாள்.

அந்தம்மா வாயைப் பிளந்தார். 'போச்சு, இங்கேயும் மானம் போச்சு' என்று தேவராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

உள்ளேயிருந்து ஒரு குட்டிப் பெண் ஓடி வந்தாள். இடுப்பில் கை வைத்து, கோழியின் கீச்சுக் குரலில் பதில் சொன்னாள். அங்கம்மா விடுவாளா? சூடு பட்ட கரடியாகக் கையை உதறிக்கொண்டு அடுத்த வசனத்தைப் பிடித்தாள். குழந்தை தரையில் விழுந்து புரண்டு சிரித்தது. அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கம்மாவின் கையை இறுகப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

"இந்த ஊருக்கு வந்ததிலேர்ந்து அந்தக் கொழந்தை சிரிச்சு இன்னிக்கித்தான் பார்க்குறேன். வேலை உறுதி நைனா!" என்றார் துலுக்கானம்.

தேவராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தியா அண்ணாத்தே என் பொண்டாட்டி இங்கிலீசை!"

"இங்கிலீசா?" துலுக்கானம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தம்மாவுக்கு இங்கிலீசுல ஒரு எழுத்து தெரியாது நைனா. உன் சம்சாரம் இத்தினி நேரம் வெளுத்து வாங்கினது ரஷ்ய பாஷை!"