முதல் இழுப்பு

முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஆறு வருஷமாக அந்தக் குட்டி டிராக்டரோடு மாரடிக்கிறான். வால்பாறையில் ஏதோ எஸ்டேட் பங்களாத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த பழைய சரக்கு. காயலான் கடைக்குப் போகவிருந்ததை மடக்கிப் பிடித்து வந்தான். துருவைச் சுரண்டினான். பச்சை பெயிண்ட் அடித்தான். சீட்டுக்கு ரெக்சின், பழைய ஜீப்பிலிருந்து ஸ்டியரிங். எல்லாம் ஆயிற்று. கயிற்றைச் சுற்றி இழுத்தால் மட்டும் இருமும். தோள்பட்டை கழன்று விழுகிறவரை இழுத்தால், அதற்கு மனசிருந்தால் ஓடும்.

மேக்னெட்டோவில்தான் கோளாறு. எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற சின்ன உருண்டை டப்பா.

சிநேகிதன் மருதாசலம் வாங்கிக்கொண்டு போனான். சரி பண்ணி நேற்றுக் கொண்டுவந்து கொடுத்தான். இன்று முதல் இழுப்பு.

இத்தனை நல்லபிள்ளையாக அது ஒருநாளும் இருந்ததில்லை.

எஞ்சினை அணைத்தான். மேக்னெட்டோவின் மூடியைக் கழற்றினான். கூட்டின் உள்சுவரைத் துடைத்துவிட்டுப் பார்த்தான்.

மூன்று புள்ளி இல்லை.

வெளியே வேலைக்குக் கொடுக்கிற எந்தச் சாமானிலும் ஆணிமுனையால் மூன்று புள்ளி குத்திவிட்டுத்தான் கொடுப்பான். உள்பக்கமாக, யாருக்கும் தெரியாமல். பழைய வண்டி கட்டுகிறவர்கள் எல்லோரும் இப்படி ஏதாவது வைத்திருப்பார்கள். ஒரிஜினல் பாகம் என்றால் கூடப்பிறந்தவனைக்கூட நம்பமாட்டார்கள்.

இந்த மாடல் டிராக்டர் கோயம்புத்தூரிலேயே இரண்டுதான்.

ஒன்று இவனுடையது. இன்னொன்று மருதாசலத்துடையது.

அப்புறமென்ன.

எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பழைய கம்பெனி முத்திரையை அப்படியே வார்த்து ஒரிஜினலுக்குப் பக்கத்தில் வைத்து, எது நிஜம் சொல் பார்க்கலாம் என்று சிரித்தவன்தானே மருதாசலம்? அவனுக்கு ஒரு போலி மேக்னெட்டோ பெரிய வித்தையா?

நாளைக்குப் பழைய வண்டிக் கண்காட்சி. போன வருஷம் மைதானத்தைச் சுற்றிச் சுற்றிக் கையாட்டிக்கொண்டு போனவன், இந்தத் தடவை ஓட்டவில்லை, சும்மா நிறுத்தப்போகிறேன் என்கிறான். ஏன் இந்தத் திடீர் அடக்கம்? ஓடுகிற வண்டியைத்தான் நடுவர்கள் திறந்து பார்ப்பார்கள்.

பெண்டாட்டி வடிவு வேறு நாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறாள். கட்டிய நாளிலிருந்து அவனுடைய ஷெட் பக்கம் எட்டிப்பார்க்காதவள். அவள் பார்க்க, அந்தத் துருப்பிடித்த எருமை ஒரு சுற்றாவது ஓட வேண்டும். ஆறு வருஷமாக அவனுக்கு அது ஒன்றுதான் ஆசை. அதை மருதாசலத்திடம்தான் முதலில் சொன்னான். கேட்டுவிட்டு மருதாசலம் மேக்னெட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கள்ளன்.

பைக்கை எடுத்துக்கொண்டு நேராக மருதாசலத்தின் ஷெட்டுக்குப் போனான். அவன் வாய் நிறைய வா வா என்று கூப்பிட்டு, டீ போட வீட்டுக்குள் போனான். செல்போனை வேலைமேஜையிலேயே வைத்துவிட்டுப் போனான். மூலையில் அந்தச் சிவப்பு டிராக்டர், மழுமழுவென்று துடைத்து வைத்திருந்தது.

திருப்புளியைச் சட்டைப்பையிலேயே கொண்டுவந்திருந்தான்.

இரண்டு திருகு. மூடி கையோடு வந்தது. தன் போனின் வெளிச்சத்தை உள்ளே அடித்தான்.

மூன்று புள்ளி.

சந்தோஷமாக இருந்தது. இருந்ததை இல்லை என்று சொல்வானேன்? கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம். இத்தனை வருஷச் சிநேகிதம் அந்த நிமிஷம் எங்கே போயிற்றோ.

போட்டோ எடுத்தான். பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டான். கீழே எழுதினான்.

மருதாசலம் வண்டியில் என் மேக்னெட்டோ. உள்ளே என் அடையாளம். திருட்டு.

அனுப்பினான்.

மூடியை வைக்கக் குனிந்தபோதுதான் கருகல் வாடை அடித்தது.

மறுபடி வெளிச்சம் போட்டான். செப்புக்கம்பி சுற்றிய காயில் கரியாகியிருந்தது. நடுவில் நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. இதை இனி எவனாலும் சுற்றித் தர முடியாது. தேர்வடம் போட்டு இழுத்தாலும் இந்த வண்டி ஓடாது.

ஓடாது. சும்மா நிறுத்தி வைக்கத்தான் முடியும்.

அப்படியானால் இன்று காலையில் பொறி கொடுத்தது யாருடையது?

கையிலிருந்த திருகு நழுவி டிராக்டருக்கு அடியில் உருண்டது.

அழித்துவிடலாம் என்று போனைத் திறந்தான். அதற்குள் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுத ஆரம்பித்திருந்தார்கள்.

மேஜைமேல் மருதாசலத்தின் போன் டிங் என்றது. இன்னொரு டிங். நிற்கவேயில்லை.

மருதாசலம் இரண்டு டம்ளரோடு வந்தான். திறந்து கிடந்த மேக்னெட்டோவைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு வந்தது.

"அதுக்குள்ள கண்டுபுடிச்சுட்டயா? தங்கச்சி வடிவுகிட்ட மட்டும் சொல்லிராதப்பா. உன் வண்டி அதோட மேக்னெட்டோலயே ஓடுச்சுன்னே இருக்கட்டும். அந்தப் போனு என்னமோ கத்திட்டே இருக்குது, யாருன்னு பாரு. எனக்கு ரெண்டு கையிலயும் டீ."

அவன் எடுத்துப் பார்த்தான்.

திரையில் முதலில் தன் பெயர்தான் இருந்தது.

"யாருப்பா?" என்றான் மருதாசலம்.