வாயை மூடும் ஆராய்ச்சி

"இன்னிக்காவது பிள்ளைங்க வாயைத் திறப்பாங்களா மேடம்? இல்லேன்னா உங்க ஆராய்ச்சியை மூடிடலாம்" என்றபடி துறைத்தலைவர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

என் ஆராய்ச்சி எளிமையானது. ஆசிரியர் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலைத் தானே கொட்டிவிடாமல் சும்மா நின்றால் மாணவர்கள் யோசிப்பார்கள். ஆனால் முப்பது வருடமாக மூடாத வாய் ஆயிற்றே என்னுடையது!

"உப்பு போட்டா பனிக்கட்டி ஏன் சீக்கிரம் உருகுது?" என்று முதலாண்டு வேதியியல் வகுப்பில் கேட்டேன். நின்றேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் நின்றேன்.

முன்வரிசைப் பெண் மெல்ல ஆரம்பித்தாள். பின்னாலிருந்து ஒருவன் அவளைத் திருத்தினான். பிறகு வகுப்பே சந்தைக்கடை ஆனது. சரியான பதிலும் வந்தது.

துறைத்தலைவர் எழுந்து வந்து கைகுலுக்கினார். "ஜெயிச்சிட்டீங்க மேடம்!"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முன்வரிசைப் பெண்ணைக் கூப்பிட்டேன். "ஏம்மா, நான் பேசாம நின்னப்போ உங்களுக்கெல்லாம் என்ன தோணுச்சு?"

அவள் துறைத்தலைவரை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"கவலைப்படாதீங்க மேடம். எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான், பேசிட்டே இருக்கும்போது மறந்துடும். பாவம், சார் முன்னாடி பதில் தெரியாம முழிக்கிறீங்களேன்னுதான் ஆளாளுக்கு எடுத்துக் குடுத்தோம்."