இரண்டாள் ஆழம்

பச்சைமலைக் காட்டு ஏரிக்கரையில் வரிசையாகக் கூடாரங்கள். ஒவ்வொன்றிலும் கட்டில், மின்விசிறி, போன் சார்ஜ் போட வசதி. 'இயற்கையோடு கலந்திடுங்கள்' என்ற பலகைக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

அரும்பாவூர் விதைக் கம்பெனி ஊழியர்கள் 'ஒற்றுமை முகாம்' என்று வந்திருந்தார்கள். வைரக்கண்ணுவுக்கு மட்டும் மேனேஜர் திருமுருகனைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவி அமிர்தவல்லி திருமானூரில், அவன் அரும்பாவூரில். ஆறு வருடத்தில் ஏழு முறை மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்தான். ஏழும் திருமுருகனின் டீ கிளாசுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன.

இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும்.

"அண்ணே, ஆழம் எங்க அதிகம்?" படகுக்காரரிடம் விசாரித்தான்.

"அந்தப் பாறைக்குக் கீழங்க. ரெண்டாள் ஆழம்."

எல்லாரும் காலைப் பலகாரப் பொங்கலுக்கு முண்டியடித்த நேரம் பார்த்து மேனேஜரிடம் போனான்.

"சார், அந்தப் பாறை மேல நின்னா போட்டோ சூப்பரா வரும். வாங்க."

திருமுருகன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார்.

"கொஞ்சம் பின்னால போங்க சார்... இன்னும் கொஞ்சம்..."

கால் சறுக்கியவன் போல அவர் மேல் சாய்ந்தான். தொப்பென்று சத்தம்.

வைரக்கண்ணு மனதுக்குள் மூன்று வரை எண்ணினான். பிறகு, "ஐயோ, சார் விழுந்துட்டாரு!" என்று காடே அதிரக் கத்திவிட்டுத் தானும் குதித்தான். உயிரைக் காப்பாற்றியவனுக்கு மாறுதல் கொடுக்காமல் இருக்க முடியுமா? அதுவும் சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஹேமலதா கரையில் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருக்கும்போது?

கிணற்று நீச்சல் வேறு, ஏரி வேறு என்பது குதித்த பிறகுதான் தெரிந்தது. காலில் கொடி சுற்றியது. மூக்கில் தண்ணீர் ஏறியது. அமிர்தவல்லியின் முகம் வந்து போனது. யாரோ தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள்.

கண் விழித்தபோது கரையில் கிடந்தான். சொட்டச் சொட்ட நனைந்தபடி அவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தவர் திருமுருகன். தூரத்தில் ஹேமலதா, செல்போனில் படம் பிடித்தபடியே ஓடி வந்துகொண்டிருந்தார்.

"சார்... தெரியாம... மன்னிச்சிடுங்க சார்..."

திருமுருகன் அவன் காதருகே குனிந்தார்.

"மூச்சுக் காட்டாமக் கெட, மேடம் வராங்க. நானும் எட்டு வருசமா சென்னைக்கு மாறுதல் கேக்குறேன். உன்னை எப்படிய்யா தண்ணியில தள்ளுறதுன்னு காலையிலேருந்து முழிச்சிக்கிட்டுக் கெடந்தேன்!"