சட்டையிடம் சொன்ன ரகசியம்

"இந்தா பாப்பா, பிடி. இதைக் காதுல மாட்டிக்கிட்டா பக்கத்துல இடி விழுந்தாக்கூடக் கேக்காதாம். நிம்மதியா பாட்டுக் கேளு. என் தொணதொணப்புல இருந்து உனக்கு விடுதலை!"

சலவைக் கடையின் மடிப்பு மேசையில் அப்பா ஒரு சின்னப் பெட்டியை வைத்தார். உள்ளே, கூழாங்கல் மாதிரி இரண்டு வெள்ளை இயர்பட்ஸ்.

"எதுக்குப்பா வீண் செலவு?"

"அட, மலிவான சரக்குதான். போட்டுப் பாரேன்."

தொணதொணப்பு என்று அவர் சொன்னது சும்மா இல்லை. இஸ்திரி போடும்போது அப்பாவுக்குச் சட்டைகளோடு பேசியாக வேண்டும். அவற்றின் சொந்தக்காரர்களே உள்ளே நிற்பதாக நினைப்பு. "என்ன சார், பேனாவை மூடாம பையில வெச்சீங்களா?" என்று பேங்க் மேனேஜர் சட்டையை விசாரிப்பார். "டீச்சர், கொஞ்சம் கையை நீட்டுங்க" என்று ஜாக்கெட்டைக் கெஞ்சுவார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். மகளுக்குப் பழகிப்போயிற்று.

அந்த அப்பாதான் சில நாட்களாக அவளோடு சரியாகப் பேசவில்லை. காரணம், அவளுக்கு வந்திருந்த வேலை. கடல் தாண்டி ஒரு துணி ஆலையில், சாயம் கலக்கும் கூடத்தில். அவள் படித்ததே அதற்குத்தான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அம்மா போன பிறகு அவருக்கென்று இருப்பது இவள் ஒருத்திதானே, எப்படி விட்டுவிட்டுப் போவது?

"தாராளமா போயிட்டு வா. எனக்கென்ன, ராஜா மாதிரி இருப்பேன்" என்று அவரும் சொல்லிப் பார்த்துவிட்டார். சொல்லும்போதே இடது புருவம் துள்ளியது. அவருக்குப் பொய் சொல்ல வராது. வாய் என்ன சொன்னாலும் புருவம் காட்டிக் கொடுத்துவிடும்.

"முதல்ல புருவத்தை அடக்குங்க. அப்புறமா என்னை அனுப்பலாம்" என்று அவள் முறைத்தாள். அன்றோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

அவள் இயர்பட்ஸை மாட்டிக்கொண்டாள். அது காதுக்குள் நுழையவே இல்லை. கம்மல் மாதிரி மடலைக் கவ்விக்கொண்டு, காதைத் திறந்தே விட்டது. பாட்டு பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து வருவது போல மிதந்து வந்தது. கூடவே தெருவில் போகிற சைக்கிள் மணி, வாஷிங் மெஷினின் உறுமல், எல்லாமும் கேட்டன.

அடப் பாவமே, அப்பாவை நன்றாக ஏமாற்றி விட்டார்களே! சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, ஒரு வெள்ளைக் கோட்டை மேசையில் விரித்திருந்தார்.

"டாக்டரம்மா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். பாப்பாவுக்குக் கேக்காது. அவ போனா நான் ஒடிஞ்சு போயிடுவேன்னு பயப்படுறா. எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு ஆசை தெரியுமா? சாயங்காலம் கடையைச் சாத்திட்டு பார்க்ல போய் சதுரங்கம் ஆடணும். ராத்திரி சத்தமா ரேடியோ வெக்கணும். இவ இருந்தா நடக்குமா? மிலிட்டரி!"

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பாட்டை நிறுத்தவும் மனமில்லை, அப்பாவை நிறுத்தவும் மனமில்லை. நீராவி எழுந்து ஜன்னல் வெயிலில் கரைந்தது. பாட்டுக்குள் அவர் குரல், குரலுக்குள் பாட்டு. எதையோ மடித்துக்கொண்டே அவள் எங்கோ மிதந்து போனாள்.

அடுத்த நாள் மேனேஜர் சட்டையின் முறை.

"சார், தனியா இருக்கிறதுல ஒரு சுகம் இருக்கு, உங்களுக்குச் சொன்னா புரியும். ஒண்ணே ஒண்ணுதான் தாங்காது. எனக்காக அவ இங்கேயே நின்னுட்டான்னு வைங்க, அப்புறம் எந்தச் சட்டையைத் தேய்ச்சாலும் அந்தச் சுருக்கம் போகாது சார்."

அவள் மனசிலிருந்த பாரம் நீராவியாகப் போய்விட்டது. முகத்துக்கு நேரே சொன்னால் நம்பியிருக்கவே மாட்டாள். சட்டையிடம் யாராவது பொய் சொல்வார்களா?

வெள்ளிக்கிழமை காலையில் சொன்னாள்: "போறேன்பா."

"அப்படியா? சரி" என்றார் அவர், திரும்பாமலே. இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

கிளம்புகிற நாள். பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் சார்ஜர் வயர் வாங்க அவள் மொபைல் கடைக்குள் நுழைந்தாள். அவளுடைய பயணப் பெட்டியோடு வெளியிலேயே நிற்பதாக அப்பா சொல்லிவிட்டார்.

கடைக்காரப் பெண் அவள் காதைப் பார்த்ததும் சிரித்தாள். "அட, சலவைக் கடை ஐயாவோட பொண்ணா நீங்க?"

"ஆமா. எங்கப்பாவை நல்லா ஏமாத்தி வித்துட்டீங்க. காதை அடைக்கும்னு நினைச்சு வாங்கிட்டு வந்திருக்காரு."

"நான் ஏமாத்தினேனா? நல்லா இருக்கே! காதை அடைக்கிறதைத்தான் முதல்ல காட்டினேன். வேண்டவே வேண்டாம்னுட்டாரு. இதைத் தன் காதுல மாட்டிப் பாட்டைப் போட்டுக்கிட்டு, என்னை முதுகு காட்டி நின்னு பேசச் சொன்னாரு. 'இந்த மாதிரி திரும்பி நின்னு நான் பேசினாலும், என் பொண்ணுக்கு ஒரு வார்த்தை விடாம கேக்கணும்மா'ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாரு."

காதில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவள் மெதுவாக வாசல் பக்கம் திரும்பினாள்.

வெளியே, பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முகத்தைக் காட்டாமல் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார் அப்பா.